பூத்தையல் ஒட்டுத்துணிச் சதுரம்

பூத்தையல் ஒட்டுத்துணிச் சதுரம் என்பது, வடிவமும் அளவும் ஒவ்வாத வெட்டுத்துணிகளை ஓர் அடித்துணிமேல் தைத்து, அவை சேருமிடங்களை நூல்வேலையால் அலங்கரித்து ஆக்கும் துண்டு. இத்தகைய சதுரங்கள் பல இணைந்தால் கிரேசி குவில்ட் என்னும் விரிப்பு உருவாகும். பெரும்பாலும் பஞ்சு அடைக்காத, அடுக்குத்தையல் இல்லாத இவ்விரிப்பைப் பூவேலையின் வகையாகவே கொள்ள வேண்டும்.

1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியின் ஜப்பானியக் கலைப்பொருள்கள் இக்கலைக்கு ஒரு தூண்டுதல். சமச்சீரைத் தவிர்த்த அவற்றின் அழகு அமெரிக்கப் பெண்களைக் கவர்ந்தது. 1880களில் இம்மோகம் உச்சத்தை அடைந்தது. பட்டு, வெல்வெட் துண்டுகள் பொட்டலங்களாக அஞ்சலில் விற்கப்பட்டன. விசிறியும் சிலந்தி வலையும் விருப்பமான உருவங்களாயின. இயற்கைப் பசையை நீக்கியதும் பட்டு எடை குறையும். அதை ஈடுகட்ட ஆலைகள் உலோக உப்புகளை, பின்னாளில் பெரிதும் வெள்ளீய உப்பை, ஏற்றின. அப்பட்டு நாளடைவில் நொறுங்குகிறது. அருமையான பழைய விரிப்புகள் பல இன்று சிதைந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே.

சதுரம் செய்ய, வேண்டிய அளவைவிட ஓரிரு அங்குலம் பெரிதான மல் துணியை அடித்துணியாக வெட்டுவர். பூவேலை துணியைச் சற்றுச் சுருக்கிவிடும். நடுவில் ஐங்கோணத் துண்டு ஒன்றை வைத்து, அதன் விளிம்போடு அடுத்த துண்டைக் கவிழ்த்துத் தைத்து, மறித்து, இஸ்திரி போட வேண்டும். இப்படியே சுற்றிச் சுற்றி வெளிநோக்கி வளர்ப்பர். கர்நாடகச் சித்திப் பெண்களின் கவந்தி இதற்கு நேர்மாறாக ஓரத்திலிருந்து உள்நோக்கி வளரும். துண்டுகளின் இழையோட்டம் பலவாறு இருப்பதால் அடித்துணியே இழுவையைத் தாங்குகிறது. பின்னர் ஒவ்வொரு மூட்டின்மேலும் இறகுத் தையல், மீன்முள் தையல், சங்கிலித் தையல் போடுவர். வெறுமையான துண்டுகளில் பூவோ பெயரோ இடம்பெறும். வேலை முடிந்தபின் கால் அங்குலத் தையல் இடம் விட்டு ஓரம் நறுக்குவர். நீடித்து உழைக்கப் பருத்தியே சிறந்தது.

மலாயா, சிங்கப்பூர் வரலாற்றில் இதற்கு நெருங்கியவை சாங்கி விரிப்புகள். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைத்த பெண்கள், கனடா நாட்டவரான எத்தல் மல்வனி முன்னின்று நடத்த, மூன்று விரிப்புகளைத் தைத்தனர். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆண்கள் முகாமிலிருந்த கணவர்க்குத் தாம் உயிரோடிருப்பதை அச்சதுரங்களின் பெயர்களே உணர்த்தின. அதே சிறையில் சாரணச் சிறுமியர் வெட்டுத்துணிகளை அறுகோணங்களாக்கித் தைத்த விரிப்பு லண்டன் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மலாயாவின் தோட்டப்புறக் குடும்பங்களிலும் பழைய துணி வீணாகவில்லை; சேலை தொட்டிலாயிற்று. தையற்கடை மிச்சங்கள் கால்மிதியாகவும் மாறுகின்றன.