ஆக்கியோனும் அங்காடியும்

ஒரு பண்டத்தை ஆக்குதல் ஒரு கலை. அதனை விற்றல் வேறொரு கலை. ஆக்குவோன் ஒருவனாகவும் அங்காடிக்கு உரியவன் மற்றொருவனாகவும் இருக்குமிடத்து, விலையை வகுப்பவன் யார், வருவாயில் யாருக்கு எவ்வளவு என்னும் வினாக்கள் எழுகின்றன. உழவரும் நெசவாளரும் நெடுங்காலமாக எதிர்கொண்ட இவ்வினாக்களைக் கணினி விளையாட்டுக்களைத் தனித்து ஆக்குவோரும் எதிர்கொள்ள நேர்ந்தது.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ரிச்சட் கேரியட் என்னும் இளைஞர், தாம் வேலை பார்த்த கணினிக் கடையிலேயே, 'அக்கலபெத்' என்னும் தமது விளையாட்டைச் சிறு பிளாஸ்டிக் பைகளில் இட்டு விற்றார். பின்னர்க் கலிபோர்னிய நிறுவனமொன்று அதனை வெளியிட்டது. விலை 35 டொலர். பிரதியொன்றுக்கு ஆக்கியோன் பெற்றது 5 டொலர்.

கடைத்தட்டில் இடம்பெற இயலாத சிறியோர்க்கு மற்றொரு வழி பிறந்தது. 1987இல் ஸ்கொட் மில்லர் என்பார், தமது விளையாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, முதற்பகுதியை எவரும் இலவசமாகப் பெறவும் பகிரவும் விட்டார். அதிற் சுவை கண்டோர் ஏனைய பகுதிகளைப் பணம் அனுப்பித் தபாலிற் பெற்றனர். 1993 டிசெம்பரில் வெளிவந்த 'டூம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டும் இம்முறையையே கைக்கொண்டது. அங்காடி இல்லாமலே வாணிகம் நடந்தது.

2003இல் வால்வ் நிறுவனம் 'ஸ்டீம்' என்னும் இணைய அங்காடியைத் திறந்தது. 2005 முதல் பிறருடைய விளையாட்டுக்களும் அங்கு விற்பனையாயின. பணம் பெறுதல், பிரதியை அனுப்புதல், திருத்தங்களைச் சேர்ப்பித்தல் ஆகிய சுமைகள் யாவும் அங்காடியின் பொறுப்பாயின. அதற்கு அது கொள்ளும் வழக்கமான பங்கு நூற்றுக்கு முப்பது.

சந்தைக் கூட்டத்தை நாடாது தம் வீட்டு வாயிலிலே கடை விரித்தவரும் உளர். சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன், 2009இல் 'மைன்கிராப்ட்' என்னும் விளையாட்டை முற்றுப்பெறாத நிலையிலேயே தமது இணையத்தளத்தில் விற்கத் தொடங்கினார். விலை முதலில் ஏறக்குறைய 10 யூரோ; ஆக்கம் வளர வளர அது 15 ஆகவும் 20 ஆகவும் உயர்ந்தது. முந்தி வந்தோர்க்கு மலிவு. பிந்தி வந்தோர்க்கு நிறைவு. 2011 ஜனவரிக்குள் பத்து இலட்சம் பிரதிகள் விலைபோயின. எனினும், வாங்குவோர் தாமே தேடி வரும் பேறு எல்லோர்க்கும் வாய்ப்பதன்று.

விலை என்பதே யாது என ஆராய்ந்த நிகழ்ச்சியும் ஒன்றுண்டு. இருவர் சேர்ந்து ஆக்கிய 'வேர்ல்ட் ஒவ் கூ', 2008இல் 20 டொலருக்கு வெளிவந்தது. ஓராண்டு நிறைவில், விரும்பிய விலையைக் கொடுத்துப் பெறலாம் என அவர்கள் அறிவித்தனர். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 57 ஆயிரம் பேர் வாங்கினர்; சராசரியாகக் கொடுத்தது இரண்டு டொலர் அளவே. ஒரு சதம் மட்டும் கொடுத்தோரும் பலர். ஆயினும் முழுவிலை கொடுக்க எண்ணாதிருந்தோரிடமிருந்தும் வருவாய் கிட்டியது.

விலைக்கழிவுப் பருவங்கள் பெருகியபோது, பொறுத்திருந்து வாங்கும் வழக்கமும் பெருகியது. இதற்கு மாறாகச் செக் நாட்டவரின் 'பக்டோரியோ' கழிவே வழங்குவதில்லை என நின்றது. 2023 ஜனவரியில் தன் விலையை 30 டொலரிலிருந்து 35 ஆக உயர்த்தவுஞ் செய்தது.

2017 முதல் விளையாட்டொன்றுக்கு 100 டொலர் கட்டணஞ் செலுத்துவோர்க்கு ஸ்டீமின் வாயில் திறந்தது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவை அங்கு குவியலாயின. நுழைவது எளிதாயிற்று; கண்ணிற்படுவது அரிதாயிற்று. 2018 இறுதியில், ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட விற்பனைக்குத் தன் பங்கை 25 வீதமாகவும், ஐந்து கோடிக்கு மேல் 20 வீதமாகவும் வால்வ் குறைத்தது. பெரியோர்க்குச் சலுகை, சிறியோர்க்கு அதே முப்பது. உடனே 12 வீதம் மட்டுமே கொள்வதாக எபிக் நிறுவனம் போட்டியங்காடி அமைத்தது. விரும்பிய பங்கை விற்போரே குறிக்கலாம் என்னும் 'இட்ச்' தளம் அதற்கு முன்னரே இருந்தது. ஆயினும் குறைந்த பங்கு கேட்கும் கடையில் வாங்குவோர் குறைவாயின், இலாபம் ஏட்டிலேயே நின்றுவிடும்.

2025 செப்டெம்பரில் 'சில்க்சோங்' என்னும் பெரிய ஆக்கம் 20 டொலருக்கு வெளிவந்தபோது அங்காடிகளே நெரிசலால் தடுமாறின. வாங்குவோர் மகிழ்ந்தனர், தம் சிறு ஆக்கத்துக்கு இனி என்ன விலை கூறுவது எனச் சிறியோர் சிலர் கவன்றனர். ஒருவர் குறிக்கும் விலை மற்றவர் பண்டத்துக்கும் அளவுகோலாகி விடுகிறது. பிளாஸ்டிக் பை மறைந்துவிட்டது. அதனுள் இருந்தவனின் உழைப்புக்கு மதிப்பு யாது என்னும் வினா மறையவில்லை.