வழிப்பெயர்களும் மூலக்குடிகளும்: கம்பம் பள்ளத்தாக்கின் பயிர்வழி அமெரிக்கத் தொல்குடி வரலாற்றைக் கற்பித்தல்

ஆய்வுச்சுருக்கம்

ஐரோப்பியர் வருகைக்கு முந்தைய அமெரிக்கக் கண்டங்களின் வரலாறு பள்ளிக் கல்வியில் பெரிதும் கொலம்பசின் கடற்பயணத்தை ஒட்டியே அறிமுகமாகிறது. அக்கண்டங்களின் தொல்குடிகள் உருவாக்கிய பயிர்களோ தேனி மாவட்டத்தின் அன்றாட வேளாண்மையில் வேரூன்றியுள்ளன. இக்கட்டுரை அப்பயிர்களின் தமிழ்ப் பெயர்களை மூவகையாகப் பகுக்கிறது. அவற்றுள் ஒருவகை, பயிர் வந்த வழியை நினைவில் நிறுத்தி அதனை உருவாக்கியோரை மறைக்கிறது. பாடநூல் வரலாறும் அவ்வாறே செய்கிறது என்பதை இக்கட்டுரை சுட்டுகிறது. அம்மறைப்பை நீக்குவதற்கான கற்பித்தல் நெறியையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: அமெரிக்கத் தொல்குடிகள், கம்பம் பள்ளத்தாக்கு, பயிர்ப்பெயர்கள், வரலாற்றுக் கல்வி, பளியர்.

முன்னுரை

தேனி அல்லிநகரம் நகராட்சியின் சந்தைக்கு வரும் காய்கனிகளுள் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, சீனிக்கிழங்கு ஆகியவை இடம்பெறாத நாளில்லை. சுற்றியுள்ள மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் விளைகின்றன. இவற்றுள் ஒன்றுகூட 1492ஆம் ஆண்டுக்கு முன் இப்பள்ளத்தாக்கில் விளைந்ததில்லை. இவை அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களின் தொல்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேர்ந்தெடுத்துப் பண்படுத்திய பயிர்கள். சங்க இலக்கியம் அறிந்த காரம் கறி எனப்பட்ட மிளகேயன்றி மிளகாய் அன்று.

இப்பயிர்கள் போர்த்துக்கீசியரால் கொண்டுவரப்பட்டவை என்ற செய்தி மாணவர் பலரும் அறிந்ததே. கொண்டுவந்தவருக்குப் பெயர் உண்டு. உருவாக்கியவருக்குப் பெயர் இல்லை. இவ்விடைவெளி தற்செயலானதன்று. மொழிவழக்கும் பள்ளி வரலாறும் சேர்ந்து அதனை நிலைநிறுத்தியுள்ளன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

பயிர்ப்பெயர்களின் மூவகை

அமெரிக்கப் பயிர்களுக்குத் தமிழ் வழங்கிய பெயர்களை ஏற்புப்பெயர், ஒலிப்பெயர், வழிப்பெயர் என மூன்றாகப் பகுக்கலாம்.

ஏற்புப்பெயர் என்பது முன்பே தமிழில் வழங்கிய சொல்லைப் புதிய பயிருக்கு விரித்துரைப்பது. மிளகின் காரத்தைக் கொண்ட காய் மிளகாயாயிற்று. மணத்தக்காளி முதலிய சிறுகனிச் செடிகளை ஒட்டிய பெயர் மெக்சிகோவின் பெருங்கனிக்கு உரியதாயிற்று. சீத்தாப்பழம் இன்னும் ஒருபடி மேலே சென்று இதிகாசத்தோடு இணைந்துவிட்டது. இப்பெயர்கள் புதுவரவைத் தம்மவராக்கிக் கொள்ளும் பண்பாட்டு ஆற்றலைக் காட்டுகின்றன. அதே வேளையில், அப்பயிர்கள் என்றும் இம்மண்ணுக்கே உரியவை என்ற எண்ணத்தையும் விதைக்கின்றன.

ஒலிப்பெயர் என்பது மூலமொழியின் ஒலி போர்த்துக்கீசியம், எசுப்பானியம் ஆகியவற்றின் வழியே தமிழில் நிலைத்தது. அன்னாசி என்ற சொல்லின் வேர் தென்னமெரிக்கத் துப்பி-குவரானி மொழிகளில் உள்ளது. கொய்யாவும் பப்பாளியும் கரீபியப் பகுதித் தொல்குடி மொழிகளோடு தொடர்புடையவை. சப்போட்டா என்பது நாவாட்டில் மொழியின் 'ட்சபோட்டுல்' என்பதிலிருந்து எசுப்பானியம் வழியாக வந்தது. கம்பத்துக் குழந்தை கொய்யா என்று சொல்லும்போது தான் அறியாமலேயே கரீபியத் தொல்குடியினரின் சொல்லொன்றை ஒலிக்கிறது.

வழிப்பெயரே இவ்வாய்வுக்கு முதன்மையானது. மக்காச்சோளம் மெக்காவின் பெயரைத் தாங்குகிறது. நிலக்கடலை வடதமிழகத்தில் மணிலாக்கொட்டை என்றும் அதன் மருவாகிய மல்லாட்டை என்றும் வழங்குகிறது. பறங்கிக்காய் பறங்கியரின் காய். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பரவிய அமெரிக்க இனப் பருத்தி, கம்போடியாவிலிருந்து வந்ததால் கம்போடியாப் பருத்தி எனப்பட்டது. சீமைக்கருவேலம் சீமையின் மரமாயிற்று. மெக்கா, மணிலா, கம்போடியா, சீமை ஆகிய எதுவும் இவற்றின் பிறப்பிடம் அன்று. சரக்கு இறங்கிய துறையையோ இறக்கிய கையையோ மட்டுமே இப்பெயர்கள் சுட்டுகின்றன. மக்காச்சோளத்தை மெக்சிகோவோடும் நிலக்கடலையைத் தென்னமெரிக்காவோடும் இணைக்கும் பெயர் ஒன்றேனும் தமிழில் இல்லை.

விதை வந்தது, அறிவு வரவில்லை

மக்காச்சோளம் காட்டில் தானே முளைக்கும் பயிரன்று. தென்மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஏறத்தாழ 9000 ஆண்டுகளுக்கு முன் தியோசிந்தே என்னும் காட்டுப்புல்லிலிருந்து அது உருவாக்கப்பட்டது. அப்புல்லின் கதிரில் கடினமான ஓடு மூடிய சில மணிகளே உண்டு. தலைமுறை தலைமுறையாக விதை தேர்ந்த உழவர்களே அதனைப் பெருங்கதிராக்கினர். மடல் மூடிய இன்றைய கதிர் மனிதர் கையின்றித் தன் விதையைப் பரப்பவியலாது.

உண்ணும் முறையும் அவ்வுழவரின் கண்டுபிடிப்பே. மணிகளைச் சுண்ணாம்பு அல்லது சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து அரைப்பது மெசோ அமெரிக்க வழக்கம். அதனால் மணியில் பிணைந்திருக்கும் நியாசின் உடலுக்குக் கிட்டுகிறது. ஐரோப்பியர் விதையை எடுத்துச் சென்றனர். இம்முறையை எடுத்துச் செல்லவில்லை. மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ட ஏழை உழவரிடையே பெல்லாக்ரா நோய் தோன்றியது. எசுப்பானியாவின் அஸ்தூரியாஸ் பகுதியில் மருத்துவர் கஸ்பார் கசால் 1735இல் அந்நோயை இனங்கண்டார். சமையலறைப் பழக்கமாகத் தோன்றும் ஒன்று நுண்ணிய அறிவியலாக இருந்தது என்பதற்கு இது சான்று.

ஆந்திய மலைவாழ் மக்கள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் உறையவைத்தும் பகல் வெயிலில் உலர்த்தியும் பல ஆண்டுகள் கெடாத சுனோவாக்கினர். அமேசான் பகுதி மக்கள் கசப்பு மரவள்ளியைத் துருவிப் பிழிந்து அதன் நஞ்சை நீக்கினர். மக்காச்சோளத்தின் தண்டில் அவரையினக் கொடியைப் படரவிட்டுத் தரையில் பூசணியைப் பரப்பிய மில்பா முறை, கம்பம் பள்ளத்தாக்கின் உழவர் அறிந்த ஊடுபயிர் முறைக்கு நெருங்கிய உறவுடையது. தமிழக நிலங்களைப் பாழ்படுத்துவதாகக் கருதப்படும் சீமைக்கருவேலத்தின் இனமரங்களது நெற்றுகளை வட அமெரிக்கப் பாலைநிலக் குடிகள் இடித்து மாவாக்கி உண்டனர். செடி மட்டும் வந்து, அதனோடு வாழ்ந்தோரின் அறிவு வராமற்போனதன் விளைவு பெல்லாக்ராவில் மட்டுமன்றி இம்மரத்திலும் தெரிகிறது.

பாடநூலின் தொடக்கப்புள்ளி

மொழிவழக்கில் உள்ள இம்மறைப்பைத் திருத்த வேண்டிய பொறுப்பு வரலாற்றுப் பாடத்துக்கு உண்டு. ஆனால் 'கண்டுபிடிப்பு' என்ற சொல்லே பாடத்தின் தொடக்கமாகும்போது, அதற்கு முந்தைய காலம் வெறுமையாகிறது. பெருவின் காரல் நகரம் ஏறத்தாழ கி.மு. 2600ஆம் ஆண்டளவில், அரப்பா நாகரிகத்தின் சமகாலத்தில் எழுந்தது. மாயர் இருபதின் அடுக்கில் எண்ணி, சுழியத்துக்குத் தனிக்குறியீடு கொண்டிருந்தனர். இன்கா ஆட்சியினர் முடிச்சுக் கயிறுகளில் கணக்கைப் பேணினர். 1325இல் ஏரித்தீவில் எழுந்ததாகக் கருதப்படும் மெஷிகரின் தெனோச்தித்லான், ஆழமற்ற நீரில் அமைத்த வயல்களால் பெருமக்கள்தொகைக்கு உணவளித்தது.

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் 11ஆம் வகுப்பு உலக வரலாற்று நூலில் அரவாக், துப்பினாம்பா, அஸ்டெக், மாயா, இன்கா மக்களை அறிமுகப்படுத்திய பண்பாடுகளின் மோதல் குறித்த பாடம் இருந்தது. 2022ஆம் ஆண்டின் பாடச்சுமைக் குறைப்பில் அது நீக்கப்பட்டது. தொல்குடிகள் நிலத்திலிருந்து அகற்றப்பட்டதைக் கூறும் பாடமோ தொடர்ந்தது. இதன் விளைவு கருதத்தக்கது. நகரமைத்தவராகவும் பயிர் படைத்தவராகவும் அறிமுகமாகாமல், நிலமிழந்தவராக மட்டுமே அம்மக்கள் மாணவருக்கு அறிமுகமாகின்றனர். இரக்கம் பிறக்கிறது; மதிப்பு பிறப்பதில்லை.

ஒரே சங்கம், இரு நிலங்கள்

இப்பார்வைக்கு மதுரை வட்டாரக் கல்வி வரலாற்றில் ஒரு முன்வரலாறு உண்டு. பாஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க அயல்நாட்டு மறைப்பணிச் சங்கம் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கியது. பின்னர் அதன் நிலையங்கள் பெரியகுளம் வரை பரவின. அதே சங்கம் 1817இல் செரோக்கி மக்களிடையே பிரெய்னர்டு என்னுமிடத்தில் பள்ளி அமைத்தது. தமிழ்க் குழந்தையும் செரோக்கிக் குழந்தையும் அச்சங்கத்தின் பார்வையில் ஒரே வரிசையினர். இருவரும் கற்பிக்கப்பட வேண்டியவர், கற்பிக்கத்தக்க எதுவும் இல்லாதவர்.

உண்மை வேறாக இருந்தது. செக்வோயா என்ற செரோக்கியர் 1821அளவில் தம் மொழிக்கு அசையெழுத்து முறையை அமைத்தார். 1828இல் அம்மக்களின் செய்தித்தாள் வெளிவந்தது. அச்சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் வொர்செஸ்டர் அவர்களின் உரிமைக்காகச் சிறை சென்றதும், 1832இல் உச்சநீதிமன்றம் சாதகமான தீர்ப்பு அளித்ததும் அதே வரலாற்றின் பகுதிகளே. எனினும் 1838இல் செரோக்கியர் தம் நிலத்திலிருந்து படைவலியால் வெளியேற்றப்பட்டனர். அப்பயணத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மதுரையில் பள்ளிகள் தொடங்கி அப்போது நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன.

பெயரிடலும் காலமும்

'செவ்விந்தியர்' என்ற சொல் தமிழில் இன்றும் வழங்குகிறது. கொலம்பசின் திசைப்பிழையையும் தோல்நிறப் பாகுபாட்டையும் அச்சொல் ஒருங்கே சுமக்கிறது. இந்திய மாணவருக்கு அது இருமடங்கு குழப்பம் தருவது. அமெரிக்கத் தொல்குடிகள் என்ற பொதுச்சொல்லை ஏற்று, இயன்ற இடத்தில் மெஷிகர், மாயர், கெச்சுவா, டினே, ஹோடினோசோனி என அம்மக்கள் தமக்கு வழங்கும் பெயர்களைப் பயன்படுத்துவதே பொருத்தம்.

இறந்தகால வினையும் மறுஆய்வுக்குரியது. மெக்சிகோவில் நாவாட்டில் பேசுவோர் இன்றும் 16 இலட்சத்துக்கு மேற்பட்டோர். 'வாழ்ந்தனர்' என்று மட்டும் கற்பிப்பது பிழையான வரலாறு. இப்பிழை தொலைவிலுள்ள மக்களோடு நிற்பதில்லை. வருசநாட்டு, அகமலைச் சரிவுகளில் வாழும் பளியரும் குரங்கணி மலைப்பகுதி முதுவரும் பாட விளக்கங்களில் பெரும்பாலும் காலத்துக்கு வெளியே நிறுத்தப்படுகின்றனர். தேனெடுக்கும் நுட்பமும் காட்டு வள்ளிக்கிழங்கைத் தேர்ந்து அகழும் அறிவும் 'பழமையான வாழ்க்கை' எனச் சுருக்கப்படுகின்றன. அமெரிக்கத் தொல்குடியை அறிவு படைத்தவராகக் காணக் கற்கும் மாணவர், அருகிலிருக்கும் பளியர் மாணவரையும் அவ்வாறே காண்பார். அப்பளியர் மாணவர் தம்மையும் அவ்வாறு காணும் வாய்ப்பு அதனினும் முக்கியமானது.

கற்பித்தல் நெறி

இவற்றின் அடிப்படையில் நான்கு நெறிகள் முன்வைக்கப்படுகின்றன. முதலாவது, அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதல். மாணவர் வீட்டுச் சமையலில் உள்ள பொருள்களை அவற்றின் பெயர்வகையால் பிரித்து, வழிப்பெயருக்குப் பின்னுள்ள மூலநிலத்தை உலகப்படத்தில் குறிக்கலாம்.

இரண்டாவது, பயிரோடு முறையையும் கற்பித்தல். மக்காச்சோளத்தோடு சுண்ணாம்பு நீரும் மரவள்ளியோடு நஞ்சு நீக்கமும் பாடமாக வேண்டும். தமிழகத்தில் விளையும் மக்காச்சோளத்தின் பெரும்பகுதி கோழித்தீவனமாகும் சூழலில், அது ஒரு நாகரிகத்தின் முதன்மை உணவு என்ற செய்தியே மாணவருக்குப் புதிதாகலாம்.

மூன்றாவது, உணவுப்பட்டியலோடு நின்றுவிடாமை. பயிர் தந்தவர் என்பதால் மட்டும் ஒரு மக்கள் மதிப்புப் பெறுவதாகக் கற்பித்தல் மற்றொரு குறுக்கம். நகரம், எண், எழுத்து, அரசு ஆகியனவும் இடம்பெற வேண்டும். அவற்றின் முரண்களும் மறைக்கப்படலாகாது. அஸ்டெக் அரசு திறை தண்டியது, நரபலி கொடுத்தது, அதன் பகைவரான திலஷ்கலா மக்கள் எசுப்பானியரோடு சேர்ந்தே 1521இல் தெனோச்தித்லானை வீழ்த்தினர். குற்றமற்ற பொற்காலமாகக் காட்டுவதும் அவர்களை வரலாற்றிலிருந்து அகற்றுவதே.

நான்காவது, உள்ளூர்த் தொல்லியலோடு இணைத்தல். ஆண்டிபட்டி வட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டறியப்பட்ட தமிழி எழுத்து நடுகற்கள் கிறித்துவுக்கு முற்பட்டவை. வருசநாட்டில் பிறக்கும் வைகையின் கரைகளில் 2013-14இல் நடந்த கள ஆய்வு 293 தொல்லிடங்களை இனங்கண்டது. அவற்றுள் ஒன்றே கீழடி. வாஸ்கோ ட காமா 1498இல் கோழிக்கோட்டில் இறங்கியதிலிருந்து தமிழக வரலாறு தொடங்குகிறது என்று எவரேனும் எழுதினால் அல்லிநகரத்து மாணவரும் அதனை மறுப்பார். 1492இலிருந்து அமெரிக்க வரலாற்றைத் தொடங்குவதையும் மறுக்க அதே தருக்கம் போதுமானது.

நிறைவுரை

கம்பம் பள்ளத்தாக்கு தனக்கு நன்மை செய்தோரை மறவாத நிலம். 1895இல் முல்லைப்பெரியாற்று அணையைக் கட்டிமுடித்த பென்னிகுயிக்குக்கு லோயர்கேம்ப்பில் மணிமண்டபம் உண்டு. நீருக்கு ஒரு வரலாறு உண்டென்று அம்மண்டபம் குழந்தைகளுக்குச் சொல்கிறது. அந்நீர் பாயும் நிலத்தில் விழும் விதைக்கும் வரலாறு உண்டு. அதனை உருவாக்கியோர் தனிப்பெயரற்ற உழவர். பெரும்பாலும் பெண்களும் அடங்கிய பலநூறு தலைமுறைக் கூட்டுழைப்பாளர். சிலை எழுப்பவியலாத அவர்களை நினைவுகூரப் பாடநூலே தக்க இடம். தம் தொன்மையை ஏற்குமாறு உலகைக் கோரும் தமிழ்ச் சமூகம் பிறர் தொன்மையையும் தன் வகுப்பறையில் ஏற்கும்போதுதான் அக்கோரிக்கை முழுமை பெறும்.