நட்சத்திரம் ஆஸ் ஆன கதை

1997இல் சால்ட் லேக் சிட்டியில் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணி களமிறங்கியது. பெயர் யூட்டா ஸ்டார்ஸ். ஆனால் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒற்றை ‘எஸ்’ஸில் முடியவில்லை, அந்த இடத்தில் இரண்டு ‘இசட்’ உட்கார்ந்திருந்தன. அச்சுப் பிழை அல்ல. அதே அரங்கில், அதே நிர்வாகத்தின் கீழ் ஆடிய ஆண்கள் அணி யூட்டா ஜாஸ். அந்த ஜாஸின் வாலைத்தான் வெட்டி இங்கே ஒட்டியிருந்தார்கள்.

அந்தப் பெயரின் இரண்டு பாதிகளுமே வெளியூர்ச் சரக்கு. பாலைவனமும் பனிமலையும் சூழ்ந்த மார்மன் நகரத்துக்கு ஜாஸ் இசையோடு என்ன உறவு? ஒன்றுமில்லை. ஜாஸ் அணி 1974இல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்து 1979இல் யூட்டாவுக்கு வந்தது. வரும்போது பெயரையும் எடுத்து வந்துவிட்டது. ஸ்டார்ஸ் அதற்கும் முந்தைய வரவு. லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டார்ஸ் என்ற ஆண்கள் அணி 1970இல் யூட்டாவுக்குக் குடிவந்து, மறு ஆண்டே கோப்பையையும் வென்று, 1975இல் கடையை மூடியது. ஹாலிவுட் நட்சத்திரம் ஒரு பக்கம், நியூ ஆர்லியன்ஸ் இசை மறுபக்கம். ஊர் மாறிய இரண்டு ஆண்கள் அணிகளின் மிச்சத்தைச் சேர்த்துப் பெண்களுக்கு ஒரு பெயர் தைத்தார்கள். ஆறே ஆண்டுகளில் அந்த அணியும் மூட்டை கட்டியது.

அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்தில் பெயரும் சின்னமும் ஊரைச் சொல்வதைவிட உடைமையாளரைச் சொல்வதே அதிகம். இது 1936இலேயே தொடங்கிவிட்டது. மிசௌரி மாநிலத்தின் காஸ்வில்லில் புறப்பட்ட ‘ஆல் அமெரிக்கன் ரெட் ஹெட்ஸ்’ அணியில் எல்லோருக்கும் செம்பட்டை முடி. இயற்கையில் இல்லாதவர்கள் சாயம் பூசிக்கொண்டார்கள். அணியை நடத்திய ஓல்சனின் மனைவி அழகு நிலையங்கள் வைத்திருந்தார், அவ்வளவுதான் காரணம். சொந்த ஊர் என்று ஒன்று இல்லாமல் ஊர் ஊராகப் போய், ஆண்கள் அணிகளோடு ஆண்கள் விதிப்படியே மோதி, 1986 வரை அரை நூற்றாண்டு தாக்குப்பிடித்தார்கள். அவர்களுக்குத் தலைமுடிதான் லோகோ.

1978 டிசம்பர் 9இல் பெண்களுக்கான முதல் தொழில்முறை லீக் மில்வாக்கியில் தொடங்கியது. சிகாகோ ஹஸிலோடு மோதிய உள்ளூர் அணிக்குப் பெண்மான் என்று பொருள்படும் ‘டோஸ்’ என்பது பெயர். மில்வாக்கியின் ஆண்கள் அணி ‘பக்ஸ்’, அதாவது கலைமான்கள். ஜோடி பொருத்தம் பார்த்து வைத்தது போலிருக்கிறது. மினசோட்டா அணிக்கு ‘ஃபில்லீஸ்’, பெண்குதிரைக் குட்டிகள். அதே லீக்கில் கலிஃபோர்னியா ட்ரீம்ஸ் என்று ஒன்று. ஆட்டக்காரிகளை நடையுடை பாவனை கற்றுத்தரும் பள்ளிக்கு அனுப்பி வைத்த நிர்வாகம் அது. 1980இல் அந்த அணி நெப்ராஸ்காவின் ஒமாஹாவுக்கு இடம்பெயர்ந்தது. மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊரில் கனவுகள் செல்லுபடியாகாது என்று யாரோ கணக்குப் போட்டிருக்க வேண்டும். பெயர் ‘ராங்லர்ஸ்’ என்று மாறியது, குதிரையையும் மாட்டையும் மடக்கி மேய்ப்பவர்கள் என்று பொருள். ஒரே பருவத்தில், 1981இல், டல்லஸ் டயமண்ட்ஸை வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்கள். அதோடு லீக்கே மூழ்கிவிட்டது.

1997இல் டபிள்யூஎன்பிஏ என்ற பெண்கள் லீக் எட்டு அணிகளோடு வந்தபோது எல்லா அணிகளும் ஆண்கள் லீக்கான என்பிஏவின் கூட்டு உடைமை. உள்ளூர் ஆண்கள் அணி நிர்வாகமே தங்கை அணியையும் நடத்தியது. பெயர்ப் பட்டியலைப் படித்தால் உறவுமுறை புரிந்துவிடும். ஹூஸ்டனில் ராக்கெட்ஸுக்குப் பக்கத்தில் காமெட்ஸ், அதாவது வால்நட்சத்திரங்கள். ஃபீனிக்ஸில் சன்ஸுக்குப் பக்கத்தில் புதன் கோளான மெர்குரி. சாக்ரமெண்டோவில் கிங்ஸுக்கு மோனார்க்ஸ், சார்லட்டில் குளவிகளான ஹார்னெட்ஸுக்கு அவற்றின் கொடுக்கான ஸ்டிங். 1999இல் ஆர்லாண்டோ வந்தபோது மேஜிக்குக்குத் துணையாக மிராக்கிள். மாயவித்தையும் அற்புதமும். இவற்றில் சில நல்ல பெயர்கள்தான். மெர்குரியைக் குறை சொல்ல மனம் வராது. நியூயார்க்கின் லிபர்ட்டியோ அண்ணன் அணியைத் திரும்பிப் பார்க்காமல், துறைமுகத்தில் தீப்பந்தம் ஏந்தி நிற்கும் சிலையைப் பார்த்தது. இன்றுவரை அந்தப் பெயர் அலுக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

2002 அக்டோபரில் விதி மாறியது. என்பிஏ அணி இல்லாத ஊரிலும், என்பிஏவோடு தொடர்பில்லாத முதலாளியும் பெண்கள் அணி வைத்துக்கொள்ளலாம். அடுத்த சில மாதங்களில் இரண்டு அணிகள் இடம்பெயர்ந்தன.

ஆர்லாண்டோ மிராக்கிளை வாங்கியது மொஹீகன் பழங்குடி. 1994இல்தான் மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற அந்த இனம், 1996இல் கனெக்டிகட்டின் அன்காஸ்வில்லில் ‘மொஹீகன் சன்’ என்ற கேசினோவைத் திறந்திருந்தது. அணி அந்தக் கேசினோ வளாகத்துக்குள் இருக்கும் அரங்கிலேயே குடியேறியது. பெயர் கனெக்டிகட் சன். ஊர்ப்பெயரைப் போடாமல் மாநிலத்தின் பெயரைப் போட்டதில் வியாபார புத்தி தெரிகிறது. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் அணி மாநிலத்தையே பித்துப் பிடிக்க வைத்திருந்த காலம் அது. அந்தப் பல்கலையில் ஆடிப் பெயர் வாங்கிய நைகேஷா சேல்ஸ், மிராக்கிளோடு ஆர்லாண்டோவில் இருந்தவர், அணி வந்ததால் தாமும் சொந்த மாநிலம் வந்து சேர்ந்தார். ஒரு பழங்குடியினம் தொழில்முறை அணி ஒன்றுக்கு உரிமையாளரானதும் அமெரிக்காவில் அதுவே முதல்முறை. சூதாட்டம் என்றாலே லீக்குகள் காததூரம் ஓடிய நாட்களில், ஒரு கேசினோவின் பெயர் ஜெர்சியின் மார்பில் சூரியனாக உதித்தது.

இரண்டாவது, இரண்டு ‘இசட்’ வைத்த அணி. டெக்சஸின் சான் ஆன்டோனியோவுக்குப் போனது. வாங்கியவர்கள் ஸ்பர்ஸ் ஆண்கள் அணியின் முதலாளிகள். உடனே ‘இசட்’டுகள் இரண்டும் உதிர்ந்தன, ஜாஸோடு உறவு முடிந்துவிட்டதே. ஸ்பர்ஸின் நிறங்கள் வெள்ளியும் கறுப்பும் ஆனதால் சில்வர் ஸ்டார்ஸ் என்றானது. நட்சத்திரத்தைக் கைவிட வேண்டியிருக்கவில்லை, டெக்சஸ் கொடியிலேயே ஒற்றை நட்சத்திரம் உண்டு. சின்னத்தை மாற்றுபவருக்கு இப்படி ஒரு யோகம் எப்போதாவதுதான் அடிக்கும். 2014இல் சில்வரும் போய் வெறும் ஸ்டார்ஸ்.

மார்கோ டைடெக் என்ற போலந்துக்காரரின் அலமாரியை நினைத்துப் பாருங்கள். ஏழடி இரண்டங்குல உயரம். 1998 டிராஃப்டில் முதல் ஆளாக யூட்டா எடுத்தது. 2003இல் அணியோடு சான் ஆன்டோனியோ போனார். 2005இல் கனெக்டிகட் சன்னுக்கு மாற்றப்பட்டார். அந்த அளவுக்கு ஜெர்சி தைப்பதே ஒரு வேலை. அதிலும் ஊர் மாறிய இரண்டு அணிகளின் மூன்று பெயர்களை அவர் மார்பில் சுமந்துவிட்டார்.

எல்லா அணியும் பெயரை மாற்றிக்கொண்டது என்று சொல்ல முடியாது. டெட்ராய்ட் ஷாக் 2003, 2006, 2008 என்று மூன்று கோப்பைகளை வென்ற அணி. பயிற்சியாளர் பில் லேம்பியர். கார் உற்பத்தியின் தலைநகரில், பிஸ்டன்ஸ் என்ற ஆண்கள் அணிக்குப் பக்கத்தில் அந்தப் பெயர் கனகச்சிதம். 2009 அக்டோபரில் அது ஓக்லஹோமாவின் டல்சாவுக்கு விற்கப்பட்டது. நிறமும் சின்னமும் மாறின, பெயர் மட்டும் ஷாக் என்றே நின்றது. மூன்று கோப்பை வென்ற பெயர், விட மனம் வருமா? ஆனால் கோப்பை வென்ற ஆட்டக்காரிகள் பெரும்பாலும் கூடவரவில்லை. 2010இல் 34 ஆட்டங்களில் ஆறு வெற்றி; 2011இல் மூன்றே வெற்றி. டல்சாக்காரர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். 2015இல், டல்சா வந்தபின் முதன்முறையாக, அணி பிளேஆஃப் சுற்றை எட்டியது. அதற்குள், அந்தப் பருவத்தின் நடுவிலேயே, ஜூலையில், அணி டல்லஸ் பக்கம் போகிறது என்று முதலாளி அறிவித்துவிட்டார்.

டல்லஸில் சின்னம் வரைந்தவர்கள் அண்ணன் அணியிடம் கைநீட்டவில்லை, வானத்தைப் பார்த்தார்கள். நகரின் நடுவே மக்னோலியா பெட்ரோலியம் நிறுவனத்தின் 29 மாடிக் கட்டடம். அதன் உச்சியில் 1934இல் ஏற்றப்பட்டது, நியான் விளக்கில் சிவப்பாக ஒளிரும் சிறகு முளைத்த குதிரை, பெகசஸ். நிறுவனத்தின் வணிக முத்திரையாக வந்தது ஊரின் முத்திரையாகிவிட்டது. 1997இல் அணைந்த குதிரைக்குப் பதிலாக, புதிதாகச் செய்த ஒன்றை 2000 பிறந்த நள்ளிரவில் ஏற்றினார்கள். பழைய குதிரையைச் செப்பனிட்டு 2015 மே மாதம் ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் டல்லஸ் விங்ஸ் என்ற பெயரும், சிறகு விரித்த பெகசஸ் சின்னமும் வெளியாயின. உலகின் எண்ணெய்த் தலைநகர் என்று ஒருகாலத்தில் மார்தட்டிய டல்சாவிலிருந்து கிளம்பிய அணி, டல்லஸில் ஒரு எண்ணெய்க் கம்பெனியின் குதிரையில் ஏறிக்கொண்டது. இதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள். ஆடியது டல்லஸிலும் அல்ல, பக்கத்து ஊரான ஆர்லிங்டனில்.

சான் ஆன்டோனியோ நட்சத்திரங்களின் முறை 2017இல் வந்தது. அக்டோபரில் எம்ஜிஎம் ரிசார்ட்ஸ் அணியை வாங்கி லாஸ் வேகாஸுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தது. டிசம்பர் 11இல் பெயர் வெளியானது: ஏஸஸ். சீட்டுக்கட்டில் ராஜாவையும் வெட்டும் ஆஸ். கனெக்டிகட்டில் கேசினோ தன் பெயரை அணிக்குக் கொடுத்தபோது ஓரளவு தயக்கம் இருந்தது, சூரியன் என்றால் சூரியன்தானே என்று சமாளிக்கலாம். வேகாஸில் அந்தப் பாசாங்கும் தேவைப்படவில்லை. பதினைந்து ஆண்டுகளில் காலம் அவ்வளவு மாறியிருந்தது. யூட்டாவிலிருந்து எடுத்துவந்த நட்சத்திரத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. முதல் பயிற்சியாளராக வந்தவர், டெட்ராய்ட் ஷாக்குக்கு மூன்று கோப்பை வாங்கித்தந்த அதே பில் லேம்பியர்.

பெயர் மாறினாலும் ஆட்கள் வழியாக ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டே வருகிறது. பெக்கி ஹாமன் 2007இலிருந்து 2014 வரை சான் ஆன்டோனியோவில் ஆடியவர். அவருடைய 25ஆம் எண்ணை 2016இல் அந்த அணி ஓய்வு பெறச் செய்தது. 2022இல் ஏஸஸின் பயிற்சியாளராக வந்து, வந்த ஆண்டே கோப்பையையும் கொடுத்தார். யூட்டாவிலும் சான் ஆன்டோனியோவிலும் கிடைக்காத கோப்பை அது. 2008இல் நெருங்கி வந்திருந்தார்கள். சில்வர் ஸ்டார்ஸ் இறுதிச் சுற்றுக்குப் போய் டெட்ராய்ட் ஷாக்கிடம் மூன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றது. இன்று அந்த இரண்டு பெயர்களும் களத்தில் இல்லை, இரண்டு அணிகளும் அந்த ஊர்களில் இல்லை.

2025 ஜூன் 30இல் லீக் மூன்று ஊர்களுக்குப் புது அணிகளை அறிவித்தது. அதில் ஒன்று டெட்ராய்ட். 2029இல் ஆடத் தொடங்கும். பழைய ரசிகர்களின் வாயில் முதலில் வருவது ஷாக் என்ற பெயர்தான். ஆனால் ஷாக் வென்ற மூன்று கோப்பைகளும் அணியின் வம்சக் கணக்கில் டல்சா வழியாக டல்லஸுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன.