சொரியாசிஸ்: தோல் தெளிந்துவிட்டால் மருந்தை நிறுத்திவிடலாமா?

கிரீம் தடவித் தடவி அலுத்துவிட்டதா? கறுப்புச் சட்டை போட்டால் தோளில் செதில் கொட்டுகிறதா?

முதலில் ஒன்று. சொரியாசிஸ் தொற்றாது. நோய் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி, தோல் அணுக்களை அளவுக்கு மீறி வேகமாக வளரச் செய்வதால் வருவது. முழுமையாகக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டில் வைத்திருக்க முடியும்.

எப்போது கிரீம் மட்டும் போதாது?

விரல்களோடு சேர்த்து உங்கள் உள்ளங்கை, உடல் பரப்பில் சுமார் 1 விழுக்காடு. பாதிப்பு 10 உள்ளங்கை அளவைத் தாண்டினால் பொதுவாகக் கடுமையான வகை. முகம், உச்சந்தலை, நகம், அந்தரங்க உறுப்பு என்றால் சின்ன இடமும் கணக்கில் சேரும். நம் மாநிறத் தோலில் அது சிவப்பாகத் தெரியாமல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியலாம். இணையப் படங்களைப் பார்த்து "எனக்கு இது இல்லை"ன்னு முடிவு கட்டாதீங்க.

என்னென்ன வழிகள்?

ஒளிச் சிகிச்சை: குறிப்பிட்ட அலைநீளப் புற ஊதாக் கதிர். வாரத்துக்கு 2, 3 முறை, சில மாதங்கள். மருந்து உடலுக்குள் போவதில்லை. ஆனால் வேலை, படிப்பு, தேசியச் சேவைக்கு நடுவில் அத்தனை முறை போய்வர முடியுமா என்று யோசியுங்கள்.

மாத்திரைகள்: மெத்தோட்ரெக்சேட் பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் உள்ளது, விலையும் குறைவு. வாரத்துக்கு ஒரே நாள்தான் சாப்பிட வேண்டும். மறந்துபோய்த் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கல்லீரலைப் பாதிக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை அவசியம். மதுவைக் குறைக்கச் சொல்வார்கள். கர்ப்பமாக இருக்கும்போது கூடவே கூடாது. ஆசிட்ரெட்டின் இன்னும் கறார்: நிறுத்திய பிறகும் 3 ஆண்டுகளுக்குக் கர்ப்பம் தரிக்கக்கூடாது. சைக்ளோஸ்போரின் சீக்கிரம் பலன் தரும். சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் நீண்டகாலத்துக்கு ஏற்றதல்ல. கல்யாணம், குழந்தை பற்றிய திட்டத்தை மருத்துவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கேட்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

உயிரியல் ஊசிகள்: அழற்சியைத் தூண்டும் குறிப்பிட்ட புரதத்தை மட்டும் தடுப்பவை. அடாலிமுமாப் 2 வாரத்துக்கு ஒருமுறை, செக்குகினுமாப் மாதம் ஒருமுறை, ரிசங்கிசுமாப் 12 வாரத்துக்கு ஒருமுறை. பலருக்குத் தோல் ஏறக்குறைய முழுதாகவே தெளிகிறது. தொடங்குமுன் காசநோய், ஹெப்பட்டைட்டிஸ் பி பரிசோதனை உண்டு.

தெளிந்த பிறகு?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். தோல் தெளிந்தது நோய் போனதால் அல்ல, மருந்து வேலை செய்வதால். நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்ப வரும். உயிரியல் ஊசியை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினால் சிலருக்கு முன்புபோல் பலன் கிடைப்பதில்லை. அளவைக் குறைக்கலாமா, இடைவெளியைக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அத்தை வாங்கித் தந்த 'மூலிகை' மாத்திரை ஒரே வாரத்தில் அற்புதமாகக் கேட்கிறதா? சந்தேகப்படுங்கள். இத்தகைய பொருள்களில் ஸ்டீராய்டு மறைத்துக் கலக்கப்படுவதைப் பற்றிச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் உடல் முழுக்கச் சீழ்க் கொப்புளம் வரக்கூடும்.

காலையில் எழுந்ததும் விரல், குதிகால், இடுப்பு அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பாக இருக்கிறதா? தோல் நன்றாக இருந்தாலும் சொல்லுங்கள். அது மூட்டழற்சியாக இருக்கலாம். மூட்டு சிதைந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. மருந்துத் தேர்வே அதனால் மாறும்.

செலவு? ஊசிகள் விலை அதிகம். அடாலிமுமாபின் மாற்று வகைகள் மலிவு. நாட்பட்ட நோய்களுக்கான மெடிசேவ் திட்டத்தில் சொரியாசிஸும் உண்டு. எவ்வளவு எடுக்கலாம், மானியம் கிடைக்குமா என்பதைப் பலதுறை மருந்தகத்திலோ நிபுணரின் மருந்தகத்திலோ முதல் ஊசிக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.