ஷின்கீத்: நடைவழியில் வளர்ந்த கல்வி

அரபிக் கல்லூரிகளில் பயில்வோர்க்கு ‘ஷின்கீத்தி’ என்னும் பெயர் புதிதன்று. ‘அள்வாஉல் பயான்’ என்னும் குர்ஆன் விரிவுரையை இயற்றிய முஹம்மத் அல்அமீன் ஷின்கீத்தி (ரஹ்) அவர்களும், தம் நாட்டுப் புலவர்களின் வரலாற்றை ‘அல்வஸீத்’ எனத் தொகுத்து 1911இல் கெய்ரோவில் வெளியிட்ட அஹ்மத் பின் அல்அமீன் ஷின்கீத்தி (ரஹ்) அவர்களும் இப்பெயரால் அறியப்பட்டோரே. இப்பெயருக்குரிய ஊரோ, இன்றைய மௌரித்தானியாவின் அத்ரார் பீடபூமியில் மணல்மேடுகளுக்கிடையே நிற்கும் ஒரு சிற்றூராகும்.

அச்சிற்றூரின் பெயர் ஒரு நாட்டுக்கே எவ்வாறு அமைந்தது? அப்பகுதி ஹாஜிகள் அங்கே ஒன்றுகூடி, ஒட்டக அணிகளாகப் புனித மக்காவை நோக்கிப் புறப்பட்டனர். கீழ்த்திசை மக்கள் அவர்களைப் புறப்பட்ட ஊரின் பெயராலேயே அழைத்தனர். இவ்வாறு நாடு முழுவதும் ‘பிலாத் ஷின்கீத்’ ஆயிற்று. சென்றவர்கள் நூல்களோடு திரும்பினர், அவற்றைப் படியெடுத்தனர், வழித்தோன்றல்களுக்கு விட்டுச் சென்றனர்.

அத்தார் நகரிலிருந்து ஷின்கீத் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஊர்திகள் சில மணி நேரத்தில் சேர்கின்றன. எனினும் ஒட்டகத்தில் சுமையேற்றி, வழிகாட்டியுடன் நாட்கணக்கில் நடந்து செல்லும் பயணிகளும் உளர். அம்மலைநாட்டின் அமோக்ஜார் கணவாயில் பாறையோவியங்கள் காணப்படுகின்றன. அவற்றிலுள்ள ஒட்டகச்சிவிங்கிகள், இப்பாலை ஒருகாலத்தில் பசுமையாயிருந்ததற்குச் சான்றாகும். வடகிழக்கே வாதான் என்னும் பழம்பதியில் ‘நாற்பது அறிஞர் தெரு’ என்றொரு தெரு உண்டு. அவ்வூர்ப் பெயருக்குப் பேரீச்சை ஓடை, கல்வி ஓடை என இரண்டு ஓடைகளைப் பொருளாகக் கூறுவர்.

இந்நிலத்தின் கல்விக்கூடமான ‘மஹ்ளரா’வுக்குக் கட்டடம் இன்றியமையாததன்று. ஆசிரியரின் கூடாரம் இடம்பெயர, மாணவரும் உடன் சென்றனர். மரப்பலகையில் பாடத்தை எழுதி, மனனம் செய்தபின் கழுவிவிட்டு அடுத்த பாடத்தை எழுதினர். நூல் அரிதான நிலத்தில் நெஞ்சமே நூலகமாயிற்று.

ஷின்கீத், வாதான், தீஷீத், வலாத்தா ஆகிய நான்கு ஊர்களையும் யுனெஸ்கோ 1996இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பிளந்த கற்களால் கட்டிய பள்ளிவாசலும் அதன் சதுர மினாராவும் ஷின்கீத்தில் இன்றும் நிற்கின்றன. ஆயினும் மணல் பழைய வீடுகளை மூடிவருகிறது. குடும்ப நூலகங்களில் உள்ள கையெழுத்துப் பிரதிகளை வறட்சியும் கறையானும் அரிக்கின்றன. அவற்றைத் தலைநகருக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பார் ஒருசாரார்; முன்னோர் ஒப்படைத்த அமானிதம் ஊரைவிட்டு நீங்கலாகாது என்பர் குடும்பத்தார். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஏடு அழிந்தபின் அமானிதம் எஞ்சாது; ஊர் வெறுமையானபின் ஏட்டைக் காப்போரும் எஞ்சார். ஆதலின் பிரதிகளைப் படமெடுத்து வைப்பதும், மூலங்களை அவ்விடத்திலேயே பேணக் குடும்பங்களுக்குத் துணைநிற்பதும் ஒருங்கே நடைபெற வேண்டும் என்பது நம் கருத்து.

இங்கேதான் பயணிக்கும் பங்குண்டு. 2007 டிசம்பரில் மௌரித்தானியாவில் பிரெஞ்சுப் பயணிகள் நால்வர் கொல்லப்பட்டபின் வருகை வெகுவாகக் குறைந்தது. வழிகாட்டிகளும் நூலகம் காப்போரும் வருவாய் இழந்தனர். பிற்காலத்தில் பயணம் மீண்டும் தொடங்கியது. அங்கே செல்பவர் மணலின் அழகை மட்டும் படமெடுத்துத் திரும்பாமல், அவ்வூர் மக்களிடம் தங்கி, அவர்கள் வழிகாட்ட நடந்து, நூலகம் காப்போருக்கு உரிய கட்டணத்தை மனமுவந்து அளிப்பாராக. ஏட்டைக் கையால் தொடாதிருப்பாராக.

பூமியில் பயணம் செய்து முன்னோரின் நிலையைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பன்முறை அழைக்கிறது. ஷின்கீத்துக்குச் செல்லும் நடையும் அவ்வழைப்பை ஏற்பதேயாகும்.