வீரமும் வெடிமருந்தும்

பாளையக்காரர் போர்களைப் பற்றிப் பேசும்போது நாம் வாளையும் வேலையும் வானளாவப் புகழ்கின்றோம், வெடிமருந்தை மறந்துவிடுகின்றோம். மருந்தில்லாத துப்பாக்கி வெறும் இரும்புக் குழாயே. அக்காலத்தில் ஒவ்வொரு முறை சுடுவதற்கும் வீரன் தன் கையாலேயே மருந்தை அளந்து குழாயிலிட்டு, குண்டையும் இட்டுக் கெட்டிக்க வேண்டும். பையிலே மருந்து உள்ள வரையில்தான் அவன் துப்பாக்கி வீரன். தீர்ந்துவிட்டால் மீண்டும் ஈட்டிக்காரனே.

அம்மருந்து வெடியுப்பு, கரி, கந்தகம் என்னும் மூன்றும் சேர்ந்தது. கரி எங்கும் கிடைக்கும். வெடியுப்பைப் பழைய மண்சுவர்களிலிருந்தும் மாட்டுத் தொழுவத்து மண்ணிலிருந்தும் காய்ச்சி எடுத்தார்கள். கந்தகமோ நம் நாட்டு மண்ணில் அரியது. பெரும்பாலும் கப்பலில் வரவேண்டியது. ஆகவே துறைமுகம் யார் கையில் உள்ளது என்பது கோட்டைக்குள் இருப்பவனுக்கு உயிர்க் கேள்வியாயிற்று.

முக்கூடலில் நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், பீடி சுற்றும் குடும்பத்து மாணவன் ஒருவன், “ஐயா, கோட்டையில் மருந்து தீர்ந்துபோனால் யார் கொடுப்பார்கள்?” என்று கேட்டான். பாடநூலில் விடை இல்லை. தாமிரபரணி கடலை நோக்கிச் செல்லும் திசையிலேதான் அதைத் தேட வேண்டும்.

1658-இல் போர்த்துக்கீசரிடமிருந்து தூத்துக்குடியைப் பறித்த டச்சுக்காரர், ஒரு நூற்றாண்டுக்கு மேல் அங்கே வாணிகம் செய்தனர். 1780-இல் அவர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, உள்ளே பீரங்கிகளும் வெடிமருந்தும் குண்டுகளும் அகப்பட்டன. கொழும்பு டச்சு அரசாங்கத்துக்கும் அன்றைய கட்டபொம்ம நாயக்கருக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின் மூலப்படியும் கிடைத்தது. இவர் வீரபாண்டியக் கட்டபொம்மனுக்கு முன் ஆண்டவர். அங்கிருந்த மருந்து முழுவதும் டச்சுக்காரர் தந்ததே என்று நான் சொல்லமாட்டேன். கடற்கரைக்கும் கோட்டைக்கும் உறவு இருந்தது என்பதற்கு அப்பத்திரம் சாட்சி.

அந்த உறவு நிலைக்கவில்லை. 1795-இல் தூத்துக்குடியும் 1796-இல் கொழும்பும் ஆங்கிலேயர் வசமாயின. 1799 அக்டோபரில் வீரபாண்டியக் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்று தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையைச் சில நாட்களுக்குள் மீண்டும் எழுப்பினான். அப்போது உதவிக்கு அழைக்க அயல் துறைமுகம் ஒன்றும் அருகே இல்லை. பாளையக்காரர் தூத்துக்குடியையே ஒருமுறை கைப்பற்றினர். ஆயினும் அதை வைத்துக்கொள்ள இயலவில்லை. மதில் உடைந்த இடத்தில் நீண்ட ஈட்டிகளோடு நின்று போரிட்டார்கள். மே 24-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது.

போர் முடிந்தபின் எஞ்சிய ஆயுதத்தையும் மருந்தையும் என்ன செய்வது? சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் பிரபு 1801 டிசம்பர் 1-ஆம் நாள் பிரகடனம் ஒன்றால் விடை கூறினார்: ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மறைத்து வைத்திருப்போருக்கு மரண தண்டனை. பின்னர் 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது.

இதே கேள்விக்கு அமெரிக்கா வேறு விடை கண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், படைத் துப்பாக்கிகளுக்கென்று செய்த புகையில்லா மருந்து அங்கே மலைபோல் மீந்தது. கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் 50,000 பவுண்டு மருந்தை அரசிடமிருந்து வாங்கி, பழைய ரயில் பெட்டியில் சேமித்து, 150 பவுண்டுப் பீப்பாயை 30 டாலருக்கு விற்றார். பவுண்டு 20 சென்டுதான். வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடுவோரும் அதை வாங்கி, ஒருமுறை சுட்ட தோட்டாக் கூடுகளில் தம் கையாலேயே மீண்டும் நிறைத்துக்கொண்டனர். அளவு மிகுந்தால் துப்பாக்கியே சிதறிவிடும். ஆதலால் தராசு பிடிக்கக் கற்றவனுக்கே அத்தொழில்.

போரின் எச்சத்தை ஓர் அரசு தன் குடிகளை நம்பி விற்றது. மற்றோர் அரசு தான் ஆண்ட மக்களுக்கு அஞ்சிப் பறித்தது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. 1959-இல் சுதந்திர இந்தியா இயற்றிய ஆயுதச் சட்டமும் உரிமம் கேட்கிறது. ஆனால் நிறம் பார்த்துக் கேட்பதில்லை. அடக்குமுறைக்கும் ஒழுங்குக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

பாஞ்சாலங்குறிச்சியின் தோல்விக்குக் காட்டிக்கொடுத்தவர்களை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். அந்தக் கணக்கில் கந்தகத்தையும் துறைமுகத்தையும் சேர்த்துப் பாருங்கள். வீரத்தில் நம் முன்னோர் எவருக்கும் குறைந்தவர் அல்லர். மருந்து வரும் வழிதான் அவர்கள் கையில் இல்லை.