உலக முடிவும் உலக வாழ்வும்: இறுதிக்காலம் பற்றிய கிறிஸ்தவ நம்பிக்கைகளின் வரலாறு

கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி, மக்கெதோனியாவின் துறைமுக நகராகிய தெசலோனிக்கேயில் வாழ்ந்த சிறியதொரு கிறிஸ்தவச் சமூகத்தினரை ஒரு துயரம் வாட்டியது. கிறிஸ்து விரைவில் மீண்டும் வருவார் என நம்பியிருந்த அவர்கள், தம்முட் சிலர் அவ்வருகைக்கு முன்னரே இறந்துவிட்டமை கண்டு கலங்கினர். இறந்தோர் அப்பேற்றினை இழந்துவிட்டனரோ என்பதே அவர்தம் ஐயம். அவர்களைத் தேற்றும்பொருட்டுப் பவுல் எழுதிய நிருபத்தில், இறந்தோர் முதலில் எழுவர் என்றும், பின்னர் உயிரோடிருப்போரும் அவர்களுடன் மேகங்களில் எடுத்துக்கொள்ளப்பட்டு ஆண்டவரைச் சந்திப்பர் என்றும் கூறினார். துக்கங் கொண்டோர்க்கு ஆறுதலாக எழுதப்பட்ட இச்சிறு பகுதியே, பல நூற்றாண்டுகளின் பின்னர், திருச்சபைகளைப் பிரிக்குமளவுக்குப் பெரும் விவாதமொன்றின் ஊற்றாயிற்று.

இறுதிக்காலம் பற்றிய கொள்கைகள் வேத வசனங்களிலிருந்து மட்டும் பிறந்தவையல்ல. ஒவ்வொரு காலத்து மக்களும் தாம் வாழ்ந்த உலகைப் பற்றிக் கொண்டிருந்த நம்பிக்கையும் அச்சமும் அவற்றுக்கு உருவங் கொடுத்தன. ஆயினும், ஒரு கொள்கையின் தோற்றத்தைக் கொண்டோ அதன் பெயரைக் கொண்டோ அதனை நம்பியோரை மதிப்பிடுதல் பொருந்தாது. அவர்தம் செயலையும் நோக்குதல் வேண்டும். இவ்விரு கருத்துக்களையும் வரலாற்றின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதத்தின் மற்றோர் ஆதாரம் வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரமாகும். அதன் முதல் ஏழு வசனங்களுள் ஆயிரம் ஆண்டு என்னுந் தொடர் ஆறு முறை வருகின்றது. சாத்தான் கட்டப்பட, கிறிஸ்துவும் அவருக்காக உயிர் நீத்தோரும் ஆளுங் காலம் அது. கிறிஸ்து முதலில் வந்து பின்னர் ஆயிரம் ஆண்டு ஆள்வார் என்போர் ஒரு சாரார். நற்செய்தி பரவுவதால் உலகம் படிப்படியாகத் திருந்தி, அப்பொற்காலத்தின் முடிவிலேயே அவர் வருவார் என்போர் மற்றொரு சாரார். ஆயிரம் என்பது குறியீடே. திருச்சபையின் காலம் முழுவதும் அவ்வாட்சியே என்போர் மூன்றாஞ் சாரார்.

உரோமப் பேரரசின் துன்புறுத்தல்களுக்கு ஆளாகிய முதல் நூற்றாண்டுகளில் முதலாவது கொள்கை செல்வாக்குப் பெற்றிருந்தமை வியப்பன்று. இரண்டாம் நூற்றாண்டினரான யுஸ்தீன், லியோன் நகர ஆயர் இரேனேயு ஆகியோர் கிறிஸ்துவின் ஆட்சி இப்பூமியிலேயே அமையும் என எதிர்பார்த்தனர். இங்கு கருதத்தக்க செய்தியொன்று உண்டு. தாம் இவ்வாறு நம்பினும், பக்தியுள்ள கிறிஸ்தவர் பலர் வேறுவிதமாகக் கருதுகின்றனர் என்பதை யுஸ்தீன் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டார். கருத்து வேறுபாடு பிற்காலத்துத் திரிபன்று. தொடக்கந்தொட்டே இருந்து வந்ததாகும்.

கி.பி. 313இல் கொன்ஸ்தந்தீன் காலத்தில் கிறிஸ்தவத்துக்குச் சட்ட ஏற்பு வழங்கப்பட்டதும் நிலைமை மாறியது. துன்புறுத்திய பேரரசே புரவலனாயிற்று. ஆனால் 410இல் விசிக்கோத்தியர் உரோமை நகரைச் சூறையாடியபோது, பேரரசையும் இறையரசையும் ஒன்றெனக் கருதியோர் திகைத்தனர். அத்திகைப்புக்கு விடையளிக்கும் முகமாகவே வட ஆபிரிக்க ஆயரான அகுஸ்தீன் ‘இறைவனின் நகரம்’ என்னும் பெருநூலை எழுதினார். தாமும் ஒருகாலத்தில் ஆயிரமாண்டு ஆட்சியை நேர்ப்பொருளிற் கொண்டிருந்ததாகக் கூறும் அவர், பின்னர் அதனைக் கைவிட்டு, திருச்சபையின் நிகழ்காலத்தையே அவ்வாட்சியாக விளக்கினார். எந்த அரசின் எழுச்சியும் இறையரசின் வருகையன்று. எந்த நகரின் வீழ்ச்சியும் அதன் தோல்வியுமன்று என்பதே அவரது விளக்கத்தின் உட்பொருள் எனலாம். கத்தோலிக்கத் திருச்சபை இன்றும் பெரிதும் இவ்வழியையே பின்பற்றுகின்றது. கிறிஸ்து இறுதித் தீர்ப்புக்கு முன் உலகை ஆளக் கண்கூடாக வருவார் என்னும் கருத்தைப் பாதுகாப்பாகப் போதிக்க இயலாது என 1944இல் உரோமை அறிவித்தது.

அகுஸ்தீனின் விளக்கம் நிலைபெற்றபோதிலும் பழைய எதிர்பார்ப்பு முற்றாக மறையவில்லை. 1534இல் ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகரைக் கைப்பற்றிய அனபாப்திஸ்துத் தீவிரவாதிகள் அதனைப் புதிய எருசலேம் என அறிவித்தனர். அவர்களின் ஆட்சி வன்முறையாக மாறி, 1535இல் இரத்தக்களரியில் முடிந்தது. இதன்பின் ஆயிரமாண்டு பற்றிய பேச்சே ஐரோப்பிய ஆட்சியாளர்க்கும் சபைகளுக்கும் அச்சந் தருவதாயிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் அறிவியலும் வணிகமும் வளர்ந்த சூழலில், உலகம் முன்னேறி வருகின்றது என்னும் எண்ணம் புரட்டஸ்தாந்தரிடையே இரண்டாவது கொள்கைக்கு உரமூட்டியது. அமெரிக்காவில் யோனத்தான் எட்வேட்ஸ் இக்கருத்தைப் பரப்பினார். அவர் மாணவரான சாமுவேல் ஹொப்கின்ஸ் 1793இல் ஆயிரமாண்டு பற்றித் தனியொரு நூலே எழுதினார். உலகெங்கும் நற்செய்தியும் கல்வியும் பரவுதல் அப்பொற்காலத்தை விரைவுபடுத்தும் எனக் கருதிய தலைமுறையினரே 1810இல் அமெரிக்க மிஷன் சபையைத் தோற்றுவித்தனர். அச்சபையின் மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும், 1841இல் ‘உதயதாரகை’ப் பத்திரிகையும் தோன்றின. இவற்றுக்குக் காரணங்கள் பல. எனினும், உலக முடிவு பற்றிய நம்பிக்கையொன்றும் அவற்றுள் அடங்கும் என்பது நம்மவர் பலரின் கவனத்துக்கு வராத செய்தியாகும்.

ஆனால் அதே அமெரிக்காவில் வேறொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. நியூயோர்க் மாநிலத்துக் கமக்காரரான வில்லியம் மில்லர், தானியேல் ஆகமத்திற் கூறப்படும் 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு கணித்து, 1843ஆம் ஆண்டளவிற் கிறிஸ்து வருவார் எனப் போதித்தார். பின்னர் அவரைச் சார்ந்தோர் 1844 ஒக்டோபர் 22ஆம் திகதியைக் குறித்தனர். பல்லாயிரவர் காத்திருந்தனர். அந்நாள் வந்து, கழிந்தது. ‘பெரும் ஏமாற்றம்’ என வரலாற்றில் வழங்கும் இந்நிகழ்ச்சி, நாட்குறித்தலின் ஆபத்தை எல்லோர்க்கும் உணர்த்தியது.

இன்று பலராலும் பேசப்படும் ‘இரகசிய வருகை’க் கொள்கை பரவியமைக்கும் இவ்வேமாற்றத்துக்கும் தொடர்புண்டு. பிரான்சியப் புரட்சியும், 1798இல் பாப்பரசர் சிறைப்பிடிக்கப்பட்டமையும் பிரித்தானியரிடையே தீர்க்கதரிசன ஆராய்ச்சியைத் தூண்டியிருந்தன. அயர்லாந்துத் திருச்சபையிற் குருவாயிருந்த யோன் நெல்சன் டார்பி, அரசோடு பிணைந்த சபையின் நிலை கண்டு மனம் வெதும்பி அதனை விட்டு விலகியவர். 1830களில் அவர் வகுத்த கொள்கையின்படி, கிறிஸ்துவின் வருகை இரு கட்டங்களாக அமையும். முதலில் மெய்விசுவாசிகள் உலகத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்படுவர். பின்னர் ஏழாண்டு உபத்திரவ காலம் வரும். அதன் முடிவிலேயே அவர் யாவர்க்கும் தோன்றுவார். எடுத்துக்கொள்ளப்படுவதற்கு முன் நிறைவேற வேண்டிய அடையாளம் எதுவுமில்லை. ஆகவே நாட்கணக்குக்கும் இடமில்லை. மில்லரின் தோல்வியைக் கண்டோர்க்கு இது ஏற்புடையதாயிற்று. 1862 முதல் டார்பி வட அமெரிக்காவுக்குப் பலமுறை சென்றார். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்ட உள்நாட்டுப் போரினால் முன்னேற்ற நம்பிக்கை தளர்ந்திருந்த சமூகம் அவருக்குச் செவிசாய்த்தது. 1909இல் வெளிவந்த ஸ்கோபீல்டின் குறிப்புரை வேதாகமம், இக்கொள்கையை வசனங்களின் அருகிலேயே அடிக்குறிப்பாக அச்சிட்டது. வாசகர் பலர் மூலத்தையும் குறிப்பையும் வேறுபடுத்தி நோக்கவில்லை.

எனினும் இக்கொள்கை எதிர்ப்பின்றி நிலைபெற்றதன்று. டார்பியின் தோழராயிருந்த பெஞ்சமின் நியூற்றனே, திருச்சபை உபத்திரவத்தினின்று தப்பாது, அதனூடே செல்லும் என வாதிட்டார். 1956இல் ஜோர்ஜ் லாட் என்னும் அமெரிக்க அறிஞர் இதே கருத்தை வலியுறுத்தினார். உபத்திரவத்தின் நடுவிலே எடுத்துக்கொள்ளப்படுவர் என்போரும் உளர். பவுல் குறிப்பிடும் சந்திப்பு, நகருக்கு வருகை தரும் மன்னனை மக்கள் எதிர்கொண்டு அழைத்து வருதல் போன்றதே. உலகை விட்டோடுதல் அன்று என்பது விளக்கவுரையாளர் பலரின் கருத்து.

இவ்வேறுபாடுகளால் விளைவது யாது? உலகம் மூழ்குங் கப்பல் எனின், அதனைச் செப்பனிடுதல் எதற்கு என்னும் வினா எழுதல் இயல்பே. 1970இல் வெளியாகிப் பெருந்தொகையாக விற்பனையான ஹால் லின்ட்சேயின் நூல், அணுவாயுதப் போரையும் 1948இல் இஸ்ரவேல் நாடு தோன்றியமையையும் இறுதிக்கால அட்டவணையில் அமைத்துக் காட்டியது. போர் தடுக்கப்பட வேண்டிய தீமையாக அன்றி, எதிர்பார்க்கப்படும் அடையாளமாக மாறும்போது மனிதரின் துன்பம் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றது. 2006இல் எருசலேமின் இலத்தீன் முதுபிதா உள்ளிட்ட நான்கு திருச்சபைத் தலைவர்கள் இத்தகைய போதனையைக் கண்டித்து அறிக்கை வெளியிட்டனர். தீர்க்கதரிசன வரைபடத்திற் புள்ளியாகக் காட்டப்படும் நிலத்திலே அவர்தம் மக்கள் வாழ்கின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

ஆயின், வருகையை எதிர்பார்ப்போர் யாவரும் உலகைக் கைவிடுவர் என்று கூறுதலும் வரலாற்றுக்கு முரணானது. இங்கிலாந்தின் சுரங்கங்களிலிருந்து பெண்களையும் சிறுவரையும் விடுவித்த 1842ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உழைத்த ஷாவ்ட்ஸ்பரிப் பிரபு, கிறிஸ்துவின் வருகை அண்மையில் உள்ளது என உறுதியாக நம்பியவர். பிறிஸ்ரலில் பல்லாயிரம் அநாதைச் சிறுவரைப் பேணிய ஜோர்ஜ் முல்லரும் அவ்வாறே நம்பியவர். தலைவன் வருவான் என்ற எண்ணம் அவர்களைக் கடமையில் விழிப்புடையோராக்கியது. மறுபுறம், உலகம் திருந்தி வருகின்றது என்ற நம்பிக்கை, மேனாட்டு ஆதிக்கத்தையே இறையரசின் வளர்ச்சியாகக் கருதும் மயக்கத்துக்கும் இடமளித்தது. எனவே, வருகையின் வரிசைமுறை பற்றிய கொள்கை மட்டும் ஒருவனின் அறத்தைத் தீர்மானிப்பதில்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபம், வேலை செய்யாது அலைந்து திரிந்த சிலரைக் கண்டித்து, அமைதியாக உழைத்து உண்ணுமாறு பணிக்கின்றது. முடிவு நெருங்கிவிட்டது என்ற எண்ணமே அவர்களது சோம்பலுக்குக் காரணம் என அறிஞர் பலர் கருதுவர். முதல் நிருபம் துயருற்றோரைத் தேற்றியது. இரண்டாவது, கைகட்டி இருந்தோரை வேலைக்கு அனுப்பியது. துயருற்றோர்க்கு ஆறுதலாகவும் வாழ்வோர்க்குக் கடமையாகவும் அமையும்வரையில் இந்நம்பிக்கை மனிதரை உயர்த்தியுள்ளது; அயலானின் துன்பத்தை ஓர் அடையாளமாக மட்டுங் காணச் செய்தபோது அது மனிதரைத் தாழ்த்தியுள்ளது. ஈராயிரம் ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாகும்.